ஸ்காண்டிநேவியா பழைய நோட்டு சேர்க்கப் போறீங்களா? ஒரு குரோனால ஆரம்பிங்க

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன், ஸ்வீடன்ல இருக்கிற மால்மோவுக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல பக்கத்துல வந்து உக்காந்துட்டு "அண்ணா, உலகத்துலயே முதல் ரூபா நோட்டு ஸ்வீடன்லதான் அடிச்சாங்களாமே, அதுல ஒண்ணு வாங்கணும், எங்க கிடைக்கும்"னு கேட்டான். எனக்கு சிரிப்பு வந்துருச்சு. பத்து வருஷம் முன்னாடி நானும் இதே கேள்வியோடதான் இந்தப் பக்கம் வந்தேன். அவனுக்கு சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து இங்க எழுதி வைக்கிறேன், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு உபயோகப்படும்.

முதல்ல அந்த "முதல் நோட்டு" சமாச்சாரத்த முடிச்சிடுவோம். உலகத்துல முதல்னா அது சீனா. ஐரோப்பாவுல முதல்னு சொன்னா சரி. ஸ்டாக்ஹோம் பேங்கோன்னு ஒரு பேங்க், 1656ல லைசென்ஸ் வாங்கி யோஹான் பால்ம்ஸ்ட்ரூக்னு ஒருத்தர் நடத்துனாரு. அப்போ ஸ்வீடன்ல வெள்ளி கம்மி, செம்பு ஜாஸ்தி, அதனால செம்புத் தகடையே காசா அடிச்சாங்க, 1644ல வந்த 10 டாலர் (அமெரிக்க டாலர் இல்ல, அந்தக் காலத்து ஸ்வீடன் பணம்) தகடு ஒண்ணு மட்டும் 19.7 கிலோ! கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டைய தோள்ல போட்டுட்டு கடைக்குப் போற மாதிரி. 1660ல அரசாங்கம் தகடோட எடைய குறைச்சது, உடனே பழைய கனமான தகடு வச்சிருந்தவங்க எல்லாம் "என் தகட குடு"ன்னு பேங்க் வாசல்ல நின்னாங்க, பேங்க்ல அவ்வளவு தகடு இல்ல, அதனால 1661ல தகடுக்கு பதிலா காகிதத்த குடுத்தாரு பால்ம்ஸ்ட்ரூக். கொஞ்ச நாள் ஜோரா ஓடுச்சு, அப்புறம் அளவுக்கு மீறி அடிச்சி பேங்க் கவுந்துச்சு. அவருக்கு மரண தண்டனை விதிச்சு, பிறகு அத ஜெயிலா குறைச்சாங்க. அந்த இடிபாட்டுல இருந்துதான் 1668ல இன்னைக்கு இருக்கிற ரிக்ஸ்பேங்க், நம்ம ரிசர்வ் பேங்க் மாதிரி ஸ்வீடனோட மத்திய வங்கி, பிறந்துச்சு.

இப்போ சேர்க்கிறவங்க கைல சுத்துறதா சொல்ற பால்ம்ஸ்ட்ரூக் நோட்டு எல்லாம் பெரும்பாலும் 1666ல வந்த வரிசை, 10, 25, 50, 100 டாலர். அது ஏலத்துக்கு வந்தா லட்சக்கணக்கான குரோனாவுக்கு (இப்போ இருக்கிற ஸ்வீடன் பணம்) போகும். உங்களுக்கு சந்தைல யாராவது ஐநூறு குரோனாவுக்கு ஒண்ணு நீட்டுனா அது நகல். நகல்னு தெரிஞ்சே வாங்கி ஃபிரேம் போட்டு மாட்டிக்கிட்டா தப்பில்ல, ஆனா அத "கலெக்‌ஷன்"னு நினைச்சிடாதீங்க.

அதனால நான் தம்பிகிட்ட சொன்னது இதுதான்: 1666ஐ மறந்துட்டு 1914க்கு வா.

எங்க ஆரம்பிக்கலாம்

1914 ஆகஸ்ட்ல முதல் உலகப்போர் வந்தப்போ ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூணு நாட்டுக்கும் குரோனா ஒரே எடை தங்கம், அதாவது ஒரு கிலோ தங்கத்துக்கு 2480 குரோனா. 1873ல ஸ்வீடனும் டென்மார்க்கும் ஒப்பந்தம் போட்டு ஆரம்பிச்சாங்க, 1875ல நார்வே சேர்ந்துச்சு, ஒரு நாட்டுக் காச இன்னொரு நாட்டுல தாராளமா குடுத்து வாங்கலாம். போர் வந்த உடனே ஜனங்க வெள்ளிக் காச பதுக்க ஆரம்பிச்சிட்டாங்க, ஒரு குரோனா காசுல 7.5 கிராம், அதுல 80 சதவீதம் வெள்ளி, பின்னாடி வெள்ளி விலை ஏறுனப்போ இன்னும் மோசம். கடைல சில்லறை இல்ல. அதனால மூணு நாடும் குட்டி குட்டி நோட்டு அடிச்சாங்க. டென்மார்க் 1 குரோனே (குரோனாவ டென்மார்க், நார்வே பக்கம் இப்படித்தான் சொல்வாங்க) 1914லயே, பிறகு 1916, 1918, 1920, 1921ன்னு தேதி போட்டு வந்துச்சு. ஸ்வீடன் 1 குரோனாவும் 1914ல தொடங்குச்சு. நார்வே கொஞ்சம் லேட், 1 குரோனே 1917, 2 குரோனே 1918லயும் 1922லயும்.

ஏன் இதையே பிடிச்சிக்கிட்டு இருக்கேன்னா, மூணு நாடு, ஒரே காலம், ஒரே காரணம், நிறைய அடிச்சாங்க, அதனால ரொம்ப கசங்குனது ரெண்டு காபி விலைக்குக் கூட கிடைக்கும். தப்பா வாங்குனாலும் நெஞ்சு வலிக்காது. நோட்டு சேர்க்கிறதுல முதல் வருஷம் எல்லாரும் தப்பாதான் வாங்குவோம், அந்தத் தப்ப சின்ன நோட்டுல பண்ணிடுங்க.

இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாத்தீங்கன்னா இன்னொண்ணும் பிடிபடும். ஒப்பந்தப்படி இவங்க மூணு பேரும் ஒரே காசு, ஆனா நோட்டு மூணும் மூணு தினுசு, மொழி வேற, சின்னம் வேற, காகிதம் தொடுறப்பவே வேற. போரோட அந்த ஒப்பந்தமும் செத்துப்போச்சு, தங்கத்துக்கு மாத்தித் தர்றத ஒவ்வொருத்தரும் நிறுத்துனாங்க, குரோனா மூணும் ஒண்ணுக்கொண்ணு விலை மாற ஆரம்பிச்சிருச்சு. நீங்க கைல பிடிச்சிருக்கிறது அந்தப் பிரிவோட சில்லறை.

கணக்கு முதல்ல கத்துக்கோங்க, அப்புறம் பர்ஸ திறங்க

இதுலதான் பாதிப் பேரு ஓடிடுவாங்க. ஆனா எனக்கு இந்தப் பகுதிதான் உயிரு.

குரோனாவுக்கு முன்னாடி டாலர்னு இருந்துச்சு, ஆனா எல்லா டாலரும் ஒண்ணில்ல. டென்மார்க்ல ரிக்ஸ்டாலர், 96 ஸ்கில்லிங். குரோனா வந்தப்போ ஒரு ரிக்ஸ்டாலருக்கு 2 குரோனே. நார்வேல ஸ்பெசிடாலர், 120 ஸ்கில்லிங், அதுக்கு 4 குரோனே. ஸ்வீடன்ல ரிக்ஸ்டாலர் ரிக்ஸ்மின்ட், அதுக்கு 1 குரோனா. ஆக ஒரு பட்டியல்ல "5 டாலர்"னு இருந்தா எந்த ஊர், எந்த வருஷம்னு பாக்காம கை வைக்காதீங்க.

ஸ்வீடன் கணக்கு இன்னும் ருசி. 1789ல ராஜா மூணாம் குஸ்டாவுக்கு ரஷ்யாவோட சண்டை போட காசு வேணும், ரிக்ஸ்பேங்க் கேட்ட அளவுக்குத் தராது, அதனால கடன் ஆபீஸ்னு ஒண்ணு தொறந்து, அது தனியா நோட்டு விட ஆரம்பிச்சிருச்சு. ரிக்ஸ்யெல்ட்னு பேரு. பேங்க் விட்ட நோட்டு பேங்கோ. ரெண்டும் ரிக்ஸ்டாலர்தான், ஆனா கடன் ஆபீஸ் நோட்டு மதிப்பு இறங்கிட்டே போயி, கடைசில 1803ல ஒரு பேங்கோ ரிக்ஸ்டாலருக்கு ஒன்றரை ரிக்ஸ்யெல்ட் ரிக்ஸ்டாலர்னு நிலைச்சிருச்சு. கடைத்தெருவுல ஜனங்க எண்ணுனது ரிக்ஸ்யெல்ட்ல, பேங்க் அச்சடிச்சது பேங்கோவுல. இப்போ 1830கள்ல இருந்து வந்த ஸ்வீடன் நோட்டுகள எடுங்க, அதுல 6⅔ ரிக்ஸ்டாலர், 16⅔, 33⅓ன்னு இருக்கும். யாருடா இந்த மாதிரி பின்னத்துல நோட்டு அடிப்பான்னு தோணும். 6⅔ஐ ஒன்றரையால பெருக்குங்க. 10. 16⅔? 25. 33⅓? 50. அதே மாதிரி 32 ஸ்கில்லிங் பேங்கோ நோட்டு ஒண்ணு ரொம்ப பிரபலம், ஒரு பேங்கோ ரிக்ஸ்டாலருக்கு 48 ஸ்கில்லிங், 32ன்னா அதுல மூணுல ரெண்டு பங்கு, ஒன்றரையால பெருக்குனா சரியா 1. அதாவது அது கடைக்காரன் பாஷைல "ஒரு ரூபா நோட்டு". எனக்கு இந்தக் கணக்கு பிடிபட்ட அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, சும்மா சொல்லல.

இந்த 32 ஸ்கில்லிங் நோட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. நாலா மடிச்சி மடிச்சி நடுவுல ஒரு பொட்டு ஓட்டை. நம்பரும் கையெழுத்தும் பேனாவால போட்டது, மை பழுப்பாயிருச்சு. லைட்ட நேரா அடிக்காம பக்கவாட்டுல, டேபிளோட ஒட்டுன மாதிரி சாய்ச்சி அடிச்சிப் பாத்தா, மையே இல்லாம அழுத்துன முத்திரை காகிதத்துல எழும்பி நிக்கும். நேர் வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது. ஸ்வீடன் பழைய நோட்டு பாக்கப் போறப்ப ஒரு சின்ன டார்ச் பாக்கெட்ல இருக்கணும்னு சொல்றது இதுக்குத்தான், விக்கிறவர் முறைச்சாலும் பரவால்ல.

அப்புறம், 1809 வரைக்கும் ஃபின்லாந்து ஸ்வீடனோட இருந்ததால அந்தக் காலத்து ஸ்வீடன் நோட்டுகள்ல ஃபின்னிஷ் மொழியும் இருக்கும், நம்ம ரூபா நோட்டுல பதினஞ்சு மொழி இருக்கிற மாதிரி. கள்ள நோட்டு அடிச்சா தூக்கு, காட்டிக் குடுத்தா சன்மானம்னு நோட்டுலயே அச்சடிச்சிருப்பாங்க. எவ்வளவு நேர்மையான எச்சரிக்கை பாருங்க.

கிரேடு: அந்த ÷ வகுத்தல் இல்ல

இங்க உள்ள ஏலப் பட்டியல் பாத்தா நோட்டு பக்கத்துல 0, 01, 1+, 1, 1÷ அப்படின்னு இருக்கும். 0ன்னா புழக்கத்துக்கே போகாத நோட்டு, நம்ம ஆளுங்க யூஎன்சினு சொல்றது. 01 கிட்டத்தட்ட அது, ஒண்ணு ரெண்டு லேசான மடிப்பு. 1+ நல்லா இருக்கும், மடிப்பு தெரியும், காகிதத்துல இன்னும் உயிர் இருக்கும். 1ன்னா ஒழுங்கா வேலை பாத்து ஓய்வு பெற்ற நோட்டு. 1÷ அடிபட்டது. அந்த ÷ குறி டென்மார்க் நார்வே பக்கம் மைனஸ். நான் முதல்ல அத "ஒண்ணு வகுத்தல் எதாலயோ"ன்னு பாத்துட்டு, அச்சுப் பிழைன்னு நினைச்சி ஏலத்துல கைய தூக்கிட்டேன். வீட்டுக்கு வந்த நோட்டு அப்பளம் மாதிரி நொறுங்குற நிலைமைல இருந்துச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, பட்டியல்ல தெளிவாதான் போட்டிருந்தாங்க.

ஆனா இன்னொரு தடவ நிஜமாவே ஏமாந்தேன், அத சொல்றேன். ஸ்வீடன் 5 குரோனா, உக்காந்திருக்கிற ஸ்வேயா அம்மா (நம்ம பாரத மாதா மாதிரி ஸ்வீடனோட உருவம்) படம் போட்டது, பின்னாடி பழைய ராஜா குஸ்டாவ் வாசா தலை, 1890ல இருந்து 1952 வரைக்கும் ஓடுன குடும்பம் அது, நோட்டுல வருஷம் அச்சடிச்சிருக்கும், அதனால வருஷவாரியா சேர்க்கிறவங்க நிறைய. ஒரு கடைல 1930கள்ல உள்ள ஒண்ணு, பளிச்சுனு வெள்ளையா, "01"ன்னு எழுதி வச்சிருந்தாங்க. வாங்கிட்டு வந்து வீட்டுல யூவி டார்ச் அடிச்சேன். நீலமா ஜொலிக்குது! பழைய கந்தல் துணிக் காகிதம் யூவில மந்தமாதான் இருக்கணும். அது ஜொலிச்சா, ஒண்ணு காகிதம் புதுசு, இல்ல யாரோ சோப்புத் தூள்ல ஊற வச்சி அலசி இஸ்திரி போட்டிருக்காங்க. நம்மளது ரெண்டாவது கேஸ். லூப், அதாவது சின்ன பூதக்கண்ணாடி, வச்சிப் பாத்தா நடு மடிப்பு பேய் மாதிரி மங்கலா தெரிஞ்சிது, தடவிப் பாத்தா மேடு பள்ளமே இல்ல, சீரியல் நம்பர் அழுந்துன தடம் பின்பக்கம் விரலுக்குத் தட்டணும், அதுவும் தட்டையாயிருச்சு. அந்த நோட்ட இன்னும் வச்சிருக்கேன். கிரேடு ஒட்டாம "பாடம்"னு எழுதி ஒட்டியிருக்கேன்.

ஆக கைல எடுத்த உடனே பண்ண வேண்டியது: விளிம்ப மட்டும் பிடிச்சி தூக்குங்க, ஜன்னல் பக்கம் திருப்பி வாட்டர்மார்க் பாருங்க, சாய்ச்சி மடிப்பு எண்ணுங்க, மூலை நாலும் கூர்மையான்னு பாருங்க, ஊசி ஓட்டை இருக்கான்னு வெளிச்சத்துக்கு எதிரா பாருங்க, கடைசியா யூவி. மூலை எல்லாம் கத்தி மாதிரி கூர்மை, ஆனா நடுவுல நாலு மடிப்புன்னா யாரோ ஓரத்த நறுக்கியிருக்காங்க, அளவுகோல் வச்சி கேட்டலாக் அளவோட ஒப்பிட்டா மாட்டிக்குவாங்க.

கேட்டலாக்னு வந்ததால, உலக அளவுல எல்லாரும் சொல்றது பிக் நம்பர், ஆல்பர்ட் பிக்னு ஒரு ஜெர்மன்காரர் தொடங்கி வச்ச எண். ஆனா உள்ளூர் ஆளுங்க உள்ளூர் கேட்டலாக் எண்ணத்தான் பேசுவாங்க, டென்மார்க்ல சீக், ஸ்வீடன்ல டோங்கின். கையெழுத்து ஜோடி, வருஷம் எல்லாம் அதுலதான் பிரிச்சிப் பிரிச்சி இருக்கும். புதுசு வாங்கணும்னு இல்ல, ரெண்டு மூணு வருஷம் பழசு போதும், நூலகத்துலயும் இருக்கும். விலை மட்டும் கேட்டலாக் சொல்றத நம்பாதீங்க, ஏலத்துல நிஜமா என்ன விலைக்கு போச்சுன்னு பாருங்க, பெரும்பாலான ஏலக் கம்பெனிங்க பழைய முடிவுகள இணையத்துல விட்டு வச்சிருக்காங்க.

எங்க வாங்குறது

ஸ்வீடன்ல லோப்பிஸ்னு சொல்ற பழைய சாமான் சந்தை, ஞாயித்துக்கிழமை காலைல. பிஸ்கட் டப்பால காசு நடுவுல நோட்டு கிடக்கும், பாட்டியோட அலமாரி காலி பண்ணது. இணையத்துல ட்ரடேரான்னு ஒரு ஏலத் தளம். பெரிய ஏலம்னா கோபன்ஹேகன்ல ப்ரூன் ராஸ்முஸென், ஓஸ்லோல ஓஸ்லோ மின்ட்கேலரி. ஏல விலைக்கு மேல கமிஷன் தனியா உண்டு, அத கூட்டிட்டு கைய தூக்குங்க. சங்கத்துல சேர்றது இன்னும் நல்லது, ஸ்வீடன் நாணயவியல் சங்கம் 1873லயே தொடங்குனது, குரோனா பிறந்த அதே வருஷம். அங்க வர்ற பெரியவங்க பாதிப் பேரு எழுபது தாண்டுனவங்க, ஃபீகா நேரத்துல காபியும் பன்னும் வச்சிட்டு பக்கத்துல உக்காந்தா போதும், ஆல்பத்த தொறந்து பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. சங்கத்துக் கூட்டத்துல நடக்கிற சின்ன ஏலத்துலதான் என்னோட நல்ல நோட்டு பாதி வந்தது.

டென்மார்க் நோட்டுல இப்போ ஒரு ஜாக்கிரதை. அங்க பல பத்து வருஷமா பழைய நோட்டு செல்லாதுன்னு சொல்லவே இல்ல, 1945க்கு அப்புறம் வந்தது எல்லாம் செல்லும்னே இருந்துச்சு. 2025 மே 31ஓட அது முடிஞ்சிது, 2009 வரிசைக்கு முந்துன எல்லாமும், கூடவே 1000 குரோனேயும், செல்லாது. வீட்டு டிராயர்ல கிடந்தது எல்லாம் வெளிய வந்துச்சு. அதனால 1952ல ஆரம்பிச்ச வரிசைல உள்ள ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 10 குரோனேவ "அரிய நோட்டு"ன்னு யாராவது ஏத்தி சொன்னா சிரிச்சிட்டு நகருங்க. கசங்காத 0 கிரேடா இருந்தா மட்டும் யோசிக்கலாம். ஸ்வீடன்ல 1956க்கு அப்புறம் உள்ள நோட்டுல சீரியல் நம்பர் முடிவுல நட்சத்திரம் இருந்தா அது அச்சுல கெட்டுப்போன நோட்டுக்கு பதிலா வச்ச மாற்று நோட்டு, சாதா நோட்டு விலைக்கு அத யாராவது வச்சிருந்தா சத்தம் போடாம வாங்கிடுங்க.

ஒரு மூலைய பிடிங்க

ஒரு வருஷம் ஒரு குரோனாவோட பழகுன பிறகு எந்தப் பக்கம் போறதுன்னு தீர்மானிக்கணும். எல்லாத்தையும் சேர்க்கிறேன்னு போனா பெட்டி நிறையும், கதை நிறையாது. சில மூலைகள சொல்றேன், இது என் ருசி.

தனியார் பேங்க் நோட்டு. ஸ்வீடன்ல 1831ல நம்ம பக்கத்து ஊர் யூஸ்டாட்ல முதல் தனியார் பேங்க் தொடங்கி, அப்புறம் ஊருக்கு ஊர் சொந்தமா நோட்டு விட்டாங்க, 1903ஓட அந்த உரிமை முடிஞ்சிது, அதுக்கு மேல ரிக்ஸ்பேங்க் மட்டும். நீங்க குடியிருக்கிற ஊர் பேர்லயே நோட்டு கிடைக்கும், அழகு கொள்ள அழகு. ஆனா கிட்டத்தட்ட எல்லாத்தையும் பேங்க் திருப்பி வாங்கிட்டதால விலை கடிக்கும். கையெழுத்து நம்பர் போடாத வெறும் ஃபாரம் சில சமயம் மலிவா வரும், அதுவும் நல்ல ஆரம்பம்.

போர்க்கால நோட்டு. 1940 ஏப்ரல்ல ஜெர்மன்காரன் டென்மார்க்க பிடிச்சான், அட்லாண்டிக் கடல்ல டென்மார்க் கைல இருந்த ஃபாரோ தீவுகள பிரிட்டிஷ் படை வந்து காவலுக்கு எடுத்துக்கிச்சு, அப்போ டென்மார்க்ல இருந்து ஃபாரோவுக்கு காசு கலந்துடக் கூடாதுன்னு தீவுல இருந்த டேனிஷ் நோட்டு மேலயே "ஃபாரோல மட்டும் செல்லும், ஜூன் 1940"ன்னு முத்திரை குத்தி அதிகாரி கையெழுத்து போட்டாங்க. சாதா டேனிஷ் நோட்டு மேல பொய் முத்திரை குத்துறது எவ்வளவு சுலபம்னு நீங்களே யோசிங்க, தெரிஞ்சவங்க கண்ணு படாம இத வாங்கவே கூடாது. நார்வேல வேற கதை, நாட்ட விட்டு வெளிய போன அரசாங்கம் லண்டன்ல நோட்டு அடிச்சி வச்சிது. 1945ல விடுதலைக்கு அப்புறம் டென்மார்க் ஜூலைல, நார்வே செப்டம்பர்ல, பழைய நோட்டு எல்லாத்தையும் ஒரேயடியா மாத்துனாங்க, போர்ல கொள்ளை லாபம் அடிச்சி பதுக்குனவன் வெளிய வரணும்னு. நம்ம 2016 நவம்பர் ஞாபகம் வருதா? கியூ வரிசை மட்டும் வேற ஊரு.

கிரீன்லாந்து. அங்க ராயல் கிரீன்லாந்து வியாபாரக் கம்பெனி தனியா நோட்டு விட்டுச்சு, 1911 வரிசைல வாத்து, சீல், மான், பனிக்கரடின்னு ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு மிருகம். பாத்த உடனே பிடிச்சிடும், விலை கேட்ட உடனே விட்டுடுவீங்க. நார்வேக்கு வடக்க பனிக் கடல்ல இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகள்ல நிலக்கரிக் கம்பெனி 1916ல இருந்து தொழிலாளிங்களுக்கு சொந்த நோட்டுலயே சம்பளம் குடுத்துச்சு, பிற்காலத்து வருஷங்கள் ஓரளவு கைக்கு எட்டும்.

மலிவா கதை வேணும்னா 1920 ஷ்லெஸ்விக். டென்மார்க்கா ஜெர்மனியான்னு ஓட்டெடுப்பு நடந்த பகுதி, ஊர் ஊரா குட்டி நோட்டு அடிச்சாங்க, சிலதுல ரெண்டு மொழி, ஒவ்வொண்ணும் ஒரு பிரசார போஸ்டர். சின்னக் காசுக்கு ஒரு பக்கம் நிரப்பலாம்.

நார்வேயோட ஆரம்பத்தையும் சொல்லிடுறேன், வாங்க இல்ல, தெரிஞ்சிக்க: பெர்கன்ல யோர்கன் தோர் மோலன்னு ஒரு வியாபாரி, 1695ல ராஜா அனுமதியோட நோட்டு விட்டாரு, ஜனங்க வாங்குன கையோட அவர்கிட்டயே மாத்திக்கக் கொண்டு வந்துட்டாங்க, அவருக்கு தாங்கல. நார்வேயோட மத்திய வங்கி நோர்கெஸ் பேங்க் வந்தது 1816லதான், தலைமை ஆபீஸ் ட்ரோண்டைம்ல, மூலதனத்துக்கு ஜனங்ககிட்ட வெள்ளி வரி வாங்குனாங்க, மோதிரம் ஸ்பூன் எல்லாம் போச்சு. டென்மார்க் அதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1813 ஜனவரி 5ல திவால் ஆயிருந்துச்சு, பழைய 6 டாலருக்கு புது 1.

என் சொந்த ஊர் பொறையார், தரங்கம்பாடி கோட்டைக்கு பக்கத்துல, 1620ல இருந்து 1845 வரைக்கும் டேனிஷ்காரன் இருந்த இடம். அங்க அவங்க விட்டது பெரும்பாலும் காசு, ஈயத்துலயும் செம்புலயும், ராஜா பேரோட முதலெழுத்து போட்டு. சின்ன வயசுல அத சோழிக்கு பதிலா வச்சி விளையாடுன கதை எங்க தாத்தா சொல்வாரு. அதனால என் ஆல்பத்துல முதல் பக்கத்துல மட்டும் நோட்டு இல்ல, ஒரு காசு.

வச்சிக்கிறது

பிளாஸ்டிக் கவர்னு கிடைச்சத எல்லாம் வாங்காதீங்க. பிவிசி கவர் கொஞ்ச வருஷத்துல பிசுபிசுன்னு ஆகி நோட்ட தின்னுடும். பாலியெஸ்டர்னு, மைலார்னு, போட்டிருக்கிறத கேட்டு வாங்குங்க. செல்லோ டேப் தொடவே கூடாது, கிழிஞ்ச நோட்டு கிழிஞ்சபடியே இருக்கட்டும், பழைய காலத்துல ஊசி நூல் போட்டு தைச்சிருந்தா அது நோட்டோட வரலாறு, பிரிக்காதீங்க. கழுவாதீங்க, இஸ்திரி போடாதீங்க, அழி ரப்பர் வேணாம். ஊருக்கு அனுப்பி வைக்கிறவங்க கவனிக்க வேண்டியது ஈரமும் ராமபாணப் பூச்சியும், சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு இரும்பு அலமாரில மேல் தட்டுல வைங்க, அந்துருண்டை வேணாம். பென்சில்ல எழுதுன சின்ன சீட்டு ஒண்ணு, கவருக்கு வெளிய: எங்க வாங்குனது, எப்போ, எவ்வளவு. நோட்டு மேல ஒரு புள்ளி கூட வைக்கக் கூடாது.

தம்பி போன ஞாயித்துக்கிழமை கூட வந்தான். 1921 டேனிஷ் 1 குரோனே ஒண்ணு, 1 கிரேடு சொல்லலாம், ஓரத்துல ஒரு சின்னக் கிழிசல், பேரம் பேசி வாங்கிட்டான். ஸ்வீடன் 1 குரோனா ஏற்கனவே அவன்கிட்ட இருக்கு. நார்வேதான் பாக்கி. பஸ்ல வர்றப்ப சாய்ச்சி சாய்ச்சி மடிப்பு எண்ணிட்டே வந்தான், பாலத்த தாண்டுறதுக்குள்ள பதினொண்ணு எண்ணிட்டேன்னான். நான் பாத்தப்ப பதிமூணு.